பரதேசிகள் எழுதிய ஏடு

"பரதேசிப் பயல்!"

வகுப்பறையின் கடைசி வரிசையிலிருந்து சீறிக் கிளம்பிற்று அந்தச் சொல். பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் வந்த குடும்பத்துப் பிள்ளை ஒருவன். நம் பள்ளியில் சேர்ந்து ஒரு திங்கள்கூட ஆகவில்லை. அவன் பேச்சு வேறு மாதிரி, சட்டை வேறு மாதிரி, கொண்டுவரும் சோறும் வேறு மாதிரி. அவன்மீது வீசப்பட்டது அச்சொல். சிரித்தது வகுப்பு. தலை கவிழ்ந்தான் சிறுவன்.

நாம் அப்போது கரும்பலகையில் ரோமப் பேரரசின் படத்தை வரைந்துகொண்டிருந்தோம். சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தோம், பிரம்பைத் தேடவில்லை, ஒரு கேள்வி மட்டும் கேட்டோம்: "பரதேசி என்றால் என்ன பொருள்?" பிச்சைக்காரன் என்றான் ஒருவன். நாதியற்றவன் என்றான் மற்றொருவன். ஊர்சுற்றி என்றான் மூன்றாமவன். "வேற்று நாட்டான் என்று பொருள், ஐயா!" என எழுந்து நின்று சொன்னவன், வசை பெற்ற அந்தச் சிறுவன்தான். பொருள் தெரிந்திருந்தது அவனுக்கு. தெரியாமலிருந்தது வசை பாடியவர்களுக்கு!

அவன் சொன்னது சரி. 'பர' என்றால் வேறு. தேசம் என்றால் நாடு. வேறிடத்திலிருந்து வந்தவன், அவ்வளவே. பிறப்பிலே எந்த இழிவும் இல்லாத வடசொல் அது. ஆனால், வந்தவனுக்கு நிலமில்லை, வீடில்லை, உறவில்லை, ஊர் கூடிப் பேசும் இடத்தில் வாய் திறக்க உரிமையில்லை. ஆகவே, வந்தவன் என்ற சொல்லுக்கே வக்கற்றவன் என்ற பொருள் ஏறிற்று. சொல்லிலே படிந்த கறை, சமுதாயத்தின் கையிலிருந்து ஒட்டிக்கொண்ட கறை!

அன்று மாலை நாம் எடுத்துப் புரட்டியது பைபிளை. "கோயிலுக்கும் போகாதவர், மாதா கோயிலுக்கும் போகாதவர், உமக்கு எதற்கு அந்த ஏடு?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. தொழுவதற்கு ஏட்டை எடுப்பவன் பக்தன். தூற்றுவதற்கு மட்டுமே எடுப்பவன் அவனுக்கு நேர் எதிரி. துருவிப் பார்ப்பதற்கு எடுப்பவன்தான் வரலாற்று மாணவன். விண்ணிலிருந்து விழுந்த நூல் என்று நாம் நம்பவில்லை. மண்ணிலே, மனிதர்களாலே எழுதப்பட்ட நூல் என்கிறோம். அப்படியானால் அந்த மனிதர்கள் யார், எந்த ஊரார், எந்த நிலையினர் என்று கேட்க வேண்டிய கடமை நம்பிக்கையாளரைவிட நமக்கன்றோ அதிகம்?

கேட்டோம். கிடைத்த விடை வியப்பைத் தந்தது. புதிய ஏற்பாடு என்று கிறித்தவர்கள் போற்றும் ஏட்டிலே, பேதுருவின் பெயரால் ஒரு கடிதம் இருக்கிறது. சிறிய கடிதம். பொந்து, கலாத்தியா, கப்பதோக்கியா, ஆசியா, பித்தினியா என்ற ஐந்து மாநிலங்களில், அதாவது இன்றைய துருக்கி நாட்டுப் பகுதிகளில், சிதறி வாழ்ந்த மக்களுக்கு எழுதப்பட்டது. அம்மக்களைக் கடிதம் எப்படி அழைக்கிறது? தமிழகத்துச் சீர்திருத்தக் கிறித்தவர்கள் நெடுங்காலமாகப் படித்துவரும் தமிழ் பைபிளைப் பாருங்கள், தோழர்களே. 'பரதேசிகள்' என்றே அழைக்கிறது! கடைசி வரிசைச் சிறுவன் வீசிய அதே சொல்!

*

கிரேக்க மூலத்தில் அங்கே இரண்டு சொற்கள் உள்ளன. ஒன்று, ஓரிடத்திலே சிறிது காலம் தங்கிச் செல்லும் அயலானைக் குறிப்பது. மற்றொன்று 'பரோய்கோஸ்'. 'பரா' என்றால் அருகில். 'ஓய்கோஸ்' என்றால் வீடு. வீட்டின் அருகே இருப்பவன், வீட்டுக்குள் இல்லாதவன்! கிரேக்க நகரங்களிலே இஃது உவமைச் சொல் அல்ல; சட்டச் சொல். நகரிலே குடியிருப்பான், உழைப்பான், வரி கொடுப்பான். ஆனால் குடியுரிமை இராது. மன்றத்திலே வாக்கில்லை, பதவியில்லை. குடிமகனுக்குக் கீழே, அடிமைக்கு மேலே, இடையிலே தொங்கும் இனம் அது.

கல்லிலேயே சான்று இருக்கிறது. கி.மு. 133-ஆம் ஆண்டு, பெர்கமம் என்ற நாட்டின் மன்னன் மூன்றாம் அட்டாலஸ் இறந்தான். தன் அரசையே ரோமுக்கு உயில் எழுதி வைத்துவிட்டு இறந்தான். கலக்கம் சூழ்ந்த அந்நேரத்தில் பெர்கமம் நகர மக்கள் ஓர் ஆணை பிறப்பித்துக் கல்லில் பொறித்தனர். பரோய்கோஸ் பட்டியலில் பதிவாகியிருந்தோருக்குக் குடியுரிமை. விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோரும் அரசனுக்குரிய அடிமைகளில் ஒரு பகுதியினரும் பரோய்கோஸ் பட்டியலுக்கு உயர்வு என்பது அந்த ஆணை. பட்டியல் வைத்து ஆளப்பட்ட பிரிவு அது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? ஆபத்து வந்தபோதுதான் அயலான் குடிமகனாகிறான் என்பதையும் அந்தக் கல் சொல்லாமல் சொல்கிறது!

ஜான் எலியட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1981-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலொன்றில், பேதுருவின் கடிதத்திலுள்ள இச்சொல்லை நேர்ப்பொருளிலேயே கொள்ள வேண்டும் என்று வாதிட்டார். மண்ணுலகம் அயல் நாடு, விண்ணுலகமே தாய்நாடு என்ற பக்திப் பேச்சு அல்ல அது. உண்மையிலேயே ஊரும் உரிமையும் இழந்து வாழ்ந்த மக்களைப் பார்த்து, உங்களுக்கும் ஒரு வீடு உண்டு என்று சொன்ன கடிதம் என்றார். மறுப்போரும் உண்டு, உவமைதான் என்று உரைப்போர் உண்டு. வழக்கை நாம் இங்கே தீர்க்கத் தேவையில்லை. ஆனால், உவமையென்றே வைத்துக்கொண்டாலும் ஒன்று கேட்கலாமன்றோ? படிப்பவன் வாழ்விலே அயலானின் துயர் ஒரு துளியும் இல்லையென்றால், அந்த உவமை அவன் நெஞ்சைத் தொட்டிருக்குமா?

*

ஏட்டின் தொடக்கத்துக்குப் போவோம். ஏசுவின் பிறப்பு. அங்கேயே பயணம், அங்கேயே இடப்பெயர்ச்சி. ஆனால், இரண்டு ஆசிரியர்கள் இரண்டு கதை சொல்கின்றனர்.

மத்தேயு சொல்வது இது: பெத்லகேமில் குழந்தை பிறக்கிறது. மன்னன் ஏரோது குழந்தைகளைக் கொல்ல ஆணையிடுகிறான். பெற்றோர் இரவோடிரவாகக் குழந்தையுடன் எகிப்துக்கு ஓடுகின்றனர். ஏரோது இறந்தபின் திரும்புகின்றனர். ஆனால் யூதேயாவிலே அவன் மகன் ஆர்க்கிலாயு ஆள்கிறான் என அறிந்து, அஞ்சி, கலிலேயாவிலுள்ள நாசரேத்துக்குப் போய்க் குடியேறுகின்றனர்.

லூக்கா சொல்வது வேறு: பெற்றோர் நாசரேத்துக்காரர்கள். அகஸ்டஸ் பேரரசன் குடிக்கணக்கு எடுக்கச் சொல்கிறான். சிரியாவின் ஆளுநர் குவிரினியஸ். அவரவர் முன்னோர் ஊருக்குப் போய்ப் பதிவு செய்ய வேண்டுமென்று, கருவுற்ற பெண் பெத்லகேமுக்குப் பயணமாகிறாள். குழந்தை பிறந்தபின் நாசரேத்துக்குத் திரும்புகின்றனர். எகிப்துப் பேச்சே இல்லை.

இரண்டும் பொருந்தா. ஏரோது இறந்தது கி.மு. 4-இல் என்பது வரலாற்றறிஞர் பெரும்பாலோர் முடிவு. குவிரினியஸ் யூதேயாவில் கணக்கெடுத்தது, ஆர்க்கிலாயு பதவி பறிக்கப்பட்டுக் கால் நாட்டிலுள்ள வியன்னாவுக்கு நாடு கடத்தப்பட்ட கி.பி. 6-இல். இடையிலே ஏறத்தாழப் பத்து ஆண்டுகள்! லூக்காவோ ஏரோதின் காலத்தையும் குவிரினியஸ் கணக்கையும் ஒரே கதைக்குள் கட்டுகிறார். மேலும், வரி விதிப்பதற்காக எடுக்கும் கணக்கிலே, ஆள் இன்று எங்கே வாழ்கிறான், அவன் நிலம் எங்கே இருக்கிறது என்றுதான் அரசு கேட்கும். பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த பாட்டன் ஊர் எது என்று கேட்காது.

"பார்த்தீர்களா, கட்டுக்கதை!" என்று கைகொட்டி, ஏட்டை மூடிவிடலாம். நம்மில் பலர் அப்படித்தான் செய்கிறோம். ஆனால், அங்கே மூடினால் பாதி வரலாறு போய்விடும். கதை கற்பனையாக இருக்கலாம். கதைக்குப் பின்னாலிருக்கும் அச்சம் கற்பனை அல்ல.

எகிப்தில் கிடைத்த பழஞ்சுவடி ஒன்றைச் சொல்வோம். கி.பி. 104-இல் அந்நாட்டு ரோம ஆளுநர் விபியஸ் மாக்சிமஸ் பிறப்பித்த ஆணை அது. வீடு வீடாகக் கணக்கெடுக்கும் காலம் வந்துவிட்டது. எக்காரணத்தாலேனும் தம் ஊரைவிட்டு வெளியே இருப்போரெல்லாம் ஊர் திரும்புக என்பது அதன் சாரம். ஆளுநருக்கு ஏன் இந்தக் கவலை? உழவர்கள் ஊரிலே இல்லை! வரி கட்ட முடியாமல், ஏர் கலப்பையைப் போட்டுவிட்டு, மணற்காட்டுக்கும் மாநகருக்கும் ஓடிவிட்டனர். அந்த ஓட்டத்துக்கு எகிப்தியச் சுவடிகள் வைத்த பெயர் 'அனகோரேசிஸ்'. விலகிச் செல்லுதல் என்று பொருள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு யோசேப்பு எகிப்துக்குப் போனான் என்று எழுதும் இடத்திலே மத்தேயு கையாளும் கிரேக்க வினைச்சொல்லும் அதுவே. அதே வேரில் பிறந்தது.

ஆக, குடிக்கணக்கும் வரியும் மக்களைப் பெயர்த்தன என்பது மெய். அரசன் வாளுக்கு அஞ்சி எல்லை தாண்டினர் என்பதும் மெய். கி.பி. 6-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை எதிர்த்துக் கலிலேயாவைச் சேர்ந்த யூதாஸ் என்பவன் கிளர்ச்சி செய்தான் என்று யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதுகிறார். அப்போஸ்தலர் நடபடிகள் என்ற நூலும் அவனைக் குறிப்பிடுகிறது. மத்தேயுவும் லூக்காவும் நாள்தவறியிருக்கலாம். நாட்டு மக்களின் நடுக்கத்தைத் தவறவிடவில்லை.

ஓடி ஒளிய எகிப்தையே ஏன் காட்டினார் மத்தேயு? அங்கே யூத மக்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்தனர் என்பதே விடை. அலெக்சாந்திரியா நகரின் ஐந்து பகுதிகளில் இரண்டில் அவர்கள் மிகுந்திருந்தனர் என்று அந்நகரத்து அறிஞர் பைலோ எழுதுகிறார். அந்த வாழ்வும் நிலைத்ததா? கி.பி. 38-இல், ஆளுநர் பிளாக்கஸ் அவர்களை அயலார், வந்தேறிகள் என்று அறிவித்தான். வீடுகள் கொள்ளை போயின, மக்கள் ஒரே மூலைக்குள் அடைக்கப்பட்டனர், உயிர்கள் பறிபோயின. கி.பி. 41-இல் கிளாடியஸ் பேரரசன் அந்நகருக்கு எழுதிய கடிதம், 1924-இல் அச்சேறியது. இரு தரப்பும் அமைதி காக்க வேண்டும், யூதர்களின் வழக்கங்களில் தலையிடலாகாது என்று கூறும் அக்கடிதமே, தங்களுக்கு உரிமையில்லாத நகரில் வாழ்கிறோம் என்பதை யூதர்கள் மறக்கலாகாது என்றும், வெளியிலிருந்து தம் இனத்தாரை அழைத்து வரலாகாது என்றும் எச்சரிக்கிறது. தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த மக்களைப் பார்த்து, இது உங்கள் ஊர் அல்ல என்று ஒரு வரி! ஆள்வோரின் எழுதுகோலுக்கு ஒரு வரி போதும்; ஆளப்படுவோரின் வாழ்வைப் பிடுங்கி எறிய.

*

அதே கிளாடியஸ், ரோம் நகரிலிருந்தே யூதர்களை வெளியேற்றினான். கி.பி. 49-இல் என்பர். கிறெஸ்து என்பவனின் தூண்டுதலால் அவர்கள் ஓயாது கலகம் செய்தனர், ஆகவே துரத்தினான் என்று ரோம ஆசிரியர் சுயட்டோனியஸ் எழுதுகிறார். கிறிஸ்து என்ற பெயரைத்தான் அப்படித் தவறாகக் கேட்டு எழுதினார் என்பது ஆய்வாளர் பலர் கருத்து. ரோமுக்கு இது புதிதல்ல. கி.பி. 19-இலும் யூதர்கள் துரத்தப்பட்டனர். விடுதலை பெற்ற அடிமை வகுப்பினர் நாலாயிரம் பேர், கொள்ளையரை ஒடுக்க என்று சொல்லிச் சார்தீனியத் தீவுக்கு அனுப்பப்பட்டனர். அத்தீவின் நச்சுக் காற்றால் அவர்கள் மாண்டாலும் நட்டம் அற்பமே என்ற எண்ணத்தை டாசிட்டஸ் கூச்சமின்றிப் பதிவு செய்கிறார். அவர்கள் ரோமுக்கு வந்ததுதான் எப்படி? கி.மு. 63-இல் பாம்பே எருசலேமைப் பிடித்தபோது கைதிகளாகக் கொண்டுவரப்பட்டவர் பலர். இழுத்து வந்ததும் ரோம், துரத்தியதும் ரோம்!

துரத்தப்பட்டோரில் இருவரின் பெயர் நமக்குத் தெரியும். ஆக்கில்லா, பிரிஸ்கில்லா: கணவனும் மனைவியும். மன்னரல்லர், மதகுருமாரல்லர், கூடாரம் செய்து பிழைத்த கைவினைஞர்கள். ஆக்கில்லா பிறந்தது கருங்கடற்கரையிலுள்ள பொந்து நாட்டில். பிழைக்க வந்தது ரோமுக்கு. கிளாடியஸின் ஆணையால் பெயர்க்கப்பட்டு வந்து சேர்ந்தது கிரேக்க நாட்டுக் கொரிந்துக்கு. அங்கே அவர்களைத் தேடி வந்து, ஒரே தொழில் என்பதால் உடன் தங்கி வேலை செய்தவர்தான் பவுல். கிறித்தவத்தைக் கடல் கடந்து பரப்பிய பவுல். கிளாடியஸின் ஆணைக்கு அஞ்சி ஓடிவந்த அகதிகளின் பட்டறையில்தான் அவர் கூலி உழைப்பாளி. இது கதையல்ல என்பதற்குத் துணையாக, அக்காலத்தில் கொரிந்தை ஆண்ட காலியோவின் பெயர் தாங்கிய கல்வெட்டுத் துண்டுகள் டெல்பியில் கிடைத்துள்ளன. அவனது ஆட்சி கி.பி. 51, 52-ஐ ஒட்டியது என அவை நிறுவுகின்றன.

கொரிந்து எத்தகைய ஊர்? கி.மு. 146-இல் ரோமத் தளபதி மும்மியஸ் அதை எரித்தான். ஆண்கள் கொல்லப்பட்டனர், பெண்களும் பிள்ளைகளும் விற்கப்பட்டனர். நூறாண்டு பாழாய்க் கிடந்த இடத்தில் கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் புதிய குடியேற்றம் அமைத்தான்; குடியேறியோர் பெரும்பாலும் விடுதலை பெற்ற அடிமைகள். பெயர்க்கப்பட்டோரின் ஊரிலே பெயர்க்கப்பட்டோர் வந்து கூடாரம் தைத்தனர். எத்தனை பொருத்தமான தொழில்!

அங்கிருந்து எபேசுக்குப் போயினர் கணவனும் மனைவியும். அவர்கள் வீட்டிலேயே சபை கூடிற்று. கி.பி. 54-இல் கிளாடியஸ் இறந்தான். பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தில் அவர்கள் மீண்டும் ரோமிலே இருக்கின்றனர். பொந்து, ரோம், கொரிந்து, எபேசு, திரும்பவும் ரோம்! இன்னொன்றும் கவனியுங்கள். புதிய ஏற்பாட்டில் இவ்விருவர் பெயரும் சேர்ந்து வருவது ஆறு இடங்களில். அவற்றுள் நான்கில் மனைவியின் பெயரே முன்னால் நிற்கிறது. அலெக்சாந்திரியாவிலிருந்து வந்த அப்பொல்லோ என்னும் கல்விமானுக்கு விளக்கம் சொல்லித் திருத்தியதும் இவ்விருவர்தாம். ஊர் பெயர்ந்த வீட்டிலே, அடுப்படிக்குள் அடைபடாத பெண் ஒருத்தி ஆசிரியையாகிறாள்! பிற்காலத்தில் பெண்ணை மேடையிலிருந்து இறக்கிய மதத் தலைவர்கள் இந்த இடத்தை எப்படிப் படித்தார்களோ!

*

எருசலேமின் கதையும் இதுவே. அங்கே முதல் சபையில் எழுந்த முதல் பூசலைப் பற்றி அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. கொள்கைப் பூசல் அல்ல, சோற்றுப் பூசல். நாள்தோறும் உணவு பகிர்ந்தபோது, கிரேக்கம் பேசும் கைம்பெண்கள் புறக்கணிக்கப்பட்டனர். யார் அவர்கள்? வெளிநாடுகளில் வாழ்ந்து எருசலேம் வந்து சேர்ந்த யூதக் குடும்பத்தினர். இனம் ஒன்று, மதம் ஒன்று, மொழி வேறு. வேற்று மொழி பேசியவளின் தட்டு காலியாய் இருந்தது! குறை தீர்க்க ஏழு பேரை அமர்த்தினர். எழுவருக்கும் கிரேக்கப் பெயர்கள். அவர்களுள் ஒருவனே கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவான்.

அவன் கொலையைத் தொடர்ந்து கொடுமை பரவிற்று. மக்கள் சிதறி ஓடினர். தலைவர்களான அப்போஸ்தலர் எருசலேமிலேயே தங்கினர் என்று அந்த ஏடே சொல்கிறது. பெனிக்கியாவுக்கும் சைப்ரஸ் தீவுக்கும் அந்தியோகியாவுக்கும் புதிய கொள்கையைச் சுமந்து சென்றோர், பெயர் குறிக்கப்படாத அகதிகள். கிறித்தவர் என்ற பெயரே முதன்முதல் வழங்கியது அந்தியோகியாவில்தான். ஓர் உலகப் பெருமதத்தின் பெயர், அகதிகள் வந்திறங்கிய ஊரிலே சூட்டப்பட்டது! நாட்டை இழந்தோர் ஒருவரையொருவர் எப்படித் தாங்கினர் என்பதற்கும் கல் சான்றுண்டு. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தெயோதோத்து என்பவரின் கிரேக்கக் கல்வெட்டு, எருசலேமில் 1913-14-இல் நடந்த அகழாய்வில் கிடைத்தது. யூதத் தொழுகைக் கூடத்தோடு, வெளிநாட்டிலிருந்து வருவோர் தங்க அறைகளும் தண்ணீர் வசதியும் அமைத்ததாக அது கூறுகிறது.

பின்னர் வந்தது பேரழிவு. கி.பி. 70. தீத்துவின் படை எருசலேமை எரித்தது. கைதிகள் 97,000 பேர் என்று ஜோசிபஸ் கணக்குச் சொல்கிறார்; மிகைப்படுத்தினார் என்பாருண்டு. ஆனால், கோயில் விளக்கைத் தூக்கிச் செல்லும் வெற்றி ஊர்வலம் ரோம் நகரத்துத் தீத்து வளைவில் இன்றும் கல்லிலே நிற்கிறது. அந்தப் போரை ஒட்டி எழுதப்பட்டதாகக் கருதப்படும் மாற்குவின் ஏடு, மலைகளுக்கு ஓடச் சொல்கிறது. மாடியில் இருப்பவன் வீட்டுக்குள் இறங்கிப் பொருள் எடுக்க வேண்டாம் என்கிறது. கருவுற்றோருக்கும் பால்கொடுப்போருக்கும் இரங்குகிறது. இந்த ஓட்டம் குளிர்காலத்தில் நேராதிருக்க வேண்டுங்கள் என்கிறது. இறைவன் வாக்கு என்பர் பக்தர். நமக்கோ, கைக்குழந்தையோடு குளிரில் ஓடியவளை அருகிலிருந்து கண்டவன் வாக்காகவே படுகிறது.

*

இதுவரை படித்தோர் கேட்கலாம்: அப்படியானால் இந்த ஏட்டைப் போற்றச் சொல்கிறீரா? இல்லை, தோழர்களே. படிக்கச் சொல்கிறோம், முழுதும் படிக்கச் சொல்கிறோம்.

அயலானைச் சேர்த்துக்கொண்டாயா என்பதுதான் இறுதி நாளின் கேள்வி என்று மத்தேயுவின் ஏடு சொல்கிறது. என்னை நம்பினாயா என்றல்ல. வீடு கொடுத்தாயா, சோறு கொடுத்தாயா, துணி கொடுத்தாயா என்று. அது நல்ல கேள்வி. யார் கேட்டாலும் நல்ல கேள்வி. ரோமின் வணிகச் சரக்குகளை அடுக்கிக்கொண்டே போகும் வெளிப்படுத்தல் நூல், பொன், வெள்ளி, முத்து, கோதுமை, குதிரை என்று சொல்லி, கடைசியிலே மனித உடல்களையும் உயிர்களையும் வைக்கிறது. டெலோஸ் தீவின் சந்தை ஒரே நாளில் பதினாயிரம் அடிமைகளை வாங்கி அனுப்ப வல்லது என்று ஸ்ட்ராபோ எழுதியதை நினைத்தால், அந்தப் பட்டியலின் கடைசி வரியில் இருக்கும் சினம் புரியும்.

ஆனால், பரதேசிகளுக்கு ஆறுதல் சொன்ன அதே பேதுருவின் கடிதம், அடிமைகளைப் பார்த்து, கொடிய எசமானருக்கும் அடங்கிப்போங்கள் என்கிறது. இங்கேதான் நாம் பிரிகிறோம். துன்பத்தைக் கண்டது அந்த ஏடு. துன்பத்தின் வேரை வெட்டச் சொல்லவில்லை. மண்ணிலே மறுக்கப்பட்ட வீட்டை விண்ணிலே தருவதாகச் சொன்னது. வீடில்லாதவனுக்கு அஃது ஆறுதல். வீட்டைப் பறித்தவனுக்கோ அஃது எத்துணை வசதி!

சொற்களின் போக்கைப் பாருங்கள், வரலாறு விளங்கும். வரிக்கு அஞ்சி ஓடிய உழவனின் 'அனகோரேசிஸ்', பிற்காலத்தில் உலகைத் துறந்த தவசியின் பெயராயிற்று. உரிமையற்ற அயலானின் 'பரோய்கோஸ்', திருச்சபை நிருவாகத்தின் ஒரு பிரிவுக்குப் பெயராயிற்று. ஆங்கிலத்தில் 'பாரிஷ்' என்பதும், நம் ஊர்க் கத்தோலிக்கர் 'பங்கு' என்பதும் அதைத்தான். எல்லை வகுத்து, பதிவேடு வைத்து, உள்ளே இருப்போர் யார், வெளியே இருப்போர் யார் என்று கணக்கெழுதும் அமைப்புக்கு, வெளியே நின்றவனின் பெயர்!

அரியணையும் வந்து சேர்ந்தது. கி.பி. 380-இல் கிறித்தவம் ரோமப் பேரரசின் மதமாயிற்று. துரத்தப்பட்டோரின் ஏடு, துரத்துவோரின் கையிலே! 1290-இல் இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்டு யூதர்களை நாடு கடத்தினான். 1492-இல் ஸ்பெயினின் பெர்டினாந்தும் இசபெல்லாவும் அதையே செய்தனர். ஏசுவின் இனத்தாரை, ஏசுவின் பெயராலே! ஞாயிறுதோறும் எகிப்துக்கு ஓடிய குடும்பத்தின் படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றியவர்கள், கப்பல் துறையிலே அழுது நின்ற குடும்பங்களைக் கண்டு கலங்கவில்லை.

அப்படித் துரத்தப்பட்டோரின் வழிவந்த சிலர் நம் மேற்குக் கடற்கரைக்கே வந்தனர். கொச்சி மன்னன் தன் அரண்மனை அருகே இடம் தந்தான். 1568-இல் அவர்கள் எழுப்பிய தொழுகைக் கூடம் இன்றும் நிற்கிறது. அதன் பெயர் என்ன தெரியுமா? பரதேசிக் கூடம்! அச்சொல் அங்கே வசையல்ல, முகவரி.

இதோடு முடித்தால் கதை இனிக்கும். ஆனால், இனிப்புக்காக உண்மையை மறைக்கலாகாது. அந்தப் பரதேசிகளே, தம்மிடம் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றோரின் வழிவந்தவர்களைச் சமமாக நடத்தவில்லை. தொழுகைக் கூடத்தில் சரியாசனம் தரவில்லை. திருமண உறவு கொள்ளவில்லை. அவ்வழியில் வந்த வழக்கறிஞர் ஆபிரகாம் பாரக் சேலம், இருபதாம் நூற்றாண்டில், அந்தக் கூடத்துக்குள்ளேயே அறப்போர் நடத்தித்தான் அந்த வேற்றுமையை உடைக்க வேண்டியிருந்தது. துரத்தப்பட்டவன் என்பதாலேயே ஒருவன் நல்லவனாகிவிடுவதில்லை. பட்ட துன்பம் தானாகப் பாடம் கற்பிப்பதில்லை. நினைத்துப் பார்க்கிறவனுக்கே அது பாடம்; மறந்தவனுக்கு அது வெறும் தழும்பு.

ஆகவேதான் சொல்கிறோம்: ஏடு எதுவாயினும், அது யாருடைய கண்ணீரால் எழுதப்பட்டது, யாருடைய கையிலே இப்போது இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். முதல் கேள்வியை மட்டும் கேட்பவன் ஏமாறுவான். இரண்டாவதை மட்டும் கேட்பவன் கல்நெஞ்சனாவான்.

மறுநாள் வகுப்பிலே, ரோமப் பேரரசின் படத்தை மீண்டும் வரைந்தோம். பொந்து, ரோம், கொரிந்து, எபேசு என்று நான்கு புள்ளிகள் வைத்து, ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் நடந்த வழியைக் கோடாக இழுத்தோம். கோட்டின் மேலே 'பரதேசி' என்று எழுதினோம். யாரும் சிரிக்கவில்லை. பிறகு, உங்கள் பாட்டன் பிறந்த ஊரிலேயே இன்றும் வாழ்வோர் கைதூக்குங்கள் என்றோம்.

தூக்கிய கைகள் மிகச் சில. கடைசி வரிசையில், முந்தின நாள் வசை வீசிய சிறுவனின் கை மேசைமீதே கிடந்தது. அவன் மெல்லத் திரும்பிப் புதியவனைப் பார்த்தான். நாம் பாடத்தைத் தொடர்ந்தோம்.